தோணலயின் கடைசி ஓவர்

அயர்லாந்தின் தேசிய கிரிக்கெட் அணிக்கு ஆடிய ஓர் இளைஞனைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்று கிளம்பி, ஆந்திர எல்லையில் எளாவூர் செக்போஸ்ட்டில் கொண்டுபோய் இறக்கிய பெருமை என்னுடையது. பேருந்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்ததில் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டேன். டப்ளினில் இருபத்தைந்து வருடம் குப்பை கொட்டியிருந்தாலும் பிறந்து வளர்ந்தது சென்னை என்ற திமிர். யாரிடமும் வழி கேட்கவில்லை.

அவன் பெயர் டோனல். வயது இருபத்திரண்டு. டப்ளினில் என் வீட்டு மாடியறையில் குடியிருக்கிறான். அயர்லாந்தின் வடமேற்கு மூலையில் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் குடும்பம். இடது கையால் சுழற்பந்து வீசுவான். பத்தொன்பது வயதில் நாட்டுக்கு ஆடினான். முதல் ஆட்டத்திலேயே மூன்று விக்கெட். ஊர்ப் பத்திரிகை அவன் படத்தையும், அவன் அம்மா படத்தையும், இடம் மிச்சமிருந்ததால் வீட்டுப் பசுவின் படத்தையும் சேர்த்துப் போட்டதாம். அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறான். கேட்காமலே எடுத்துக் காட்டுவான்.

அதற்குப் பிறகு அவன் கதை அவ்வளவு நன்றாக இல்லை. பதினோரு மாதமாக இடது ஆள்காட்டி விரலில் கட்டு. நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பதால் அந்தக் கட்டுக்கான டேப், களிம்பு எல்லாம் என் உபயம். சென்னையில் மூன்று வாரச் சுழற்பந்து முகாமுக்கு அவன் வந்தபோது, நானும் பொங்கலை ஊரில் கொண்டாடலாமென்று கூடவே வந்தேன். முகாமில் முக்கால்வாசி நாள் விரலைக் காட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான். முகாம் முடிந்தது. அணியின் பயிற்சியாளர் ஒரு கெடு வைத்திருந்தார். காணும் பொங்கலன்று, அயர்லாந்தில் நண்பகலுக்குள், 'என்னால் பந்து வீச முடியும்' என்றோ 'முடியாது' என்றோ டோனல் போன் செய்து சொல்லிவிட வேண்டும். முடியாது என்றால் இந்த வருட ஒப்பந்தம் கிடையாது. பண்ணைக்குத் திரும்ப வேண்டியதுதான். அந்தப் போனையே வெறித்துக்கொண்டு ஓட்டல் அறையில் கிடந்தவனை, "வா, மீன் சாப்பிடலாம்" என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

செக்போஸ்ட்டில் இருந்த போலீஸ்காரர் டோனலின் நீளப் பையைத் திறக்கச் சொன்னார். இரண்டு மட்டை, ஆறு சிவப்புப் பந்து, ஒரு கம்பளி ஸ்வெட்டர். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஸ்வெட்டரைத்தான் வெகுநேரம் சந்தேகமாகப் பார்த்தார்.

"எந்த டீம்மா?"

"அயர்லாந்து சார்."

"இங்கிலாந்தா?"

"இல்ல சார், அயர்லாந்து."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை எந்த மொழியில் கேட்டாலும் அயர்லாந்துக்காரர்களுக்குப் புரிந்துவிடும்போல. டோனலின் காது சிவந்துவிட்டது. "தடுப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒண்ணுதானே சார்?" என்று கேட்டேன். அவர் ஆந்திரப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அது எப்படிம்மா ஒண்ணாகும்?" என்று சிரித்துவிட்டு, பையை அவரே மூடிக் கொடுத்தார்.

பழவேற்காட்டில் எங்களுக்காகக் காத்திருந்தவள் நூர்ஜஹான், எனக்கு நூரு. கல்லூரியில் என்னோடு படித்தவள், இப்போது பள்ளித் தலைமையாசிரியை. போனில் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். "வசந்தி, எங்க பாட்டன் பூட்டன்லாம் காத்தை நம்பிக் கப்பல்ல வந்து கரெக்டா இங்க எறங்கினாங்க. உன்னால பஸ்ல வந்து எறங்க முடியல" என்றாள். அவளுடைய முன்னோர் கடல் வழியாக வாணிபம் செய்த பழைய குடும்பம். சந்தர்ப்பம் கிடைத்தால் அதைச் சொல்லிக் காட்டாமல் விடமாட்டாள். "சரி, ஆட்டோ புடிச்சி சுண்ணாம்புக்குளம் வந்து நில்லுங்க. எத்திராஜைப் படகோட அனுப்பறேன்."

எத்திராஜ் நூருவின் வீட்டுக்குப் பல வருடமாக மீன் கொடுப்பவர். ஏரிக்கு அக்கரையில் கடலோரக் குப்பத்தில் வீடு. நாற்பத்தைந்து வயதிருக்கும். சுண்ணாம்புக்குளத்துக் கரையில் டோனலை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி பேரு இன்னா?"

அவ்வளவு தமிழ் டோனலுக்கு முகாமிலேயே பழகியிருந்தது. "டோனல்" என்றான் உற்சாகமாக.

எத்திராஜ் என் பக்கம் திரும்பினார். "இன்னாக்கா, பேரைக் கேட்டா தோணலன்றாரு. வெயில் ஏறிக்கிச்சா?"

நான் விளக்குவதற்குள் படகில் இருந்த இன்னொருவர் கரையில் இருந்தவருக்குச் சொல்ல, அவர் மீன் ஏற்ற வந்தவருக்குச் சொல்ல, டோனல் நிரந்தரமாகத் 'தோணல' ஆகிவிட்டான். அர்த்தம் கேட்டான். எதுவும் தோன்றவில்லை என்று பொருள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கள் பயிற்சியாளரும் என்னைப் பற்றி இதைத்தான் சொல்வார்" என்றான்.

ஏரி என்றால் ஆழம் என்று நினைத்து வளர்ந்த பையன் அவன். பாதி வழியில் படகு தரை தட்டி நின்றபோது அவனால் நம்ப முடியவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், அதன் நடுவே முழங்கால் நனைய நின்றுகொண்டு நாங்கள் படகைத் தள்ளினோம். நாங்கள் என்றால் எத்திராஜும் டோனலும். நான் உட்கார்ந்தபடி ஊக்கம் கொடுத்தேன். பசு கன்று ஈனும்போது இழுத்துப் பழகிய கை என்பதால் டோனல் நன்றாகவே தள்ளினான். அதுவும் இடது கையால், கட்டுப் போட்ட விரலோடு, முகம் சுளிக்காமல் தள்ளினான். பார்த்தேன். களிம்பு கொடுத்தவள் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

வீட்டில் நூரு நண்டு சமைத்து வைத்திருந்தாள். பழவேற்காட்டு நண்டின் காலை எப்படி உடைப்பது என்று பார்க்க டோனலைச் சுற்றி வீடே உட்கார்ந்துவிட்டது. அவன் முதலில் கத்தியும் முட்கரண்டியும் தேடினான். பிறகு பல்லால் கடித்தான். பிறகு நூருவின் மாமியார் பொறுக்கமாட்டாமல் தட்டை வாங்கி, ஒவ்வொன்றாக உடைத்துச் சதையை எடுத்துக் கொடுத்தார். "ஏம்மா, இந்தப் புள்ளைக்கு அவங்க ஊர்ல இன்னாதான் குடுக்கறாங்க?" என்று கேட்டார். உருளைக்கிழங்கு என்றேன். "அது கூட்டுக்குத்தானே? சோத்துக்கு?" அதுவும் உருளைக்கிழங்குதான் என்றேன். அந்த அம்மாள் இன்னும் இரண்டு நண்டை உடைத்துப் போட்டார்.

மறுநாள் காலை எத்திராஜ் எங்களை ஏரிக்குள் அழைத்துப் போனார். நூருவும் வந்தாள். தெற்கே தூரத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்கள் தெரிந்தன. அதைப் பற்றி டோனல் கேட்டான். எத்திராஜ் ஒரே மூச்சில் பதில் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய தங்கை மகனுக்கு அங்கே வேலை, அண்ணனுக்கு அதை எதிர்க்கும் கூட்டத்தில் முன் வரிசை. மூவரும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறார்கள். நான் பாதிதான் மொழிபெயர்த்தேன். "போதும், எங்கள் குடும்பத்திலும் இப்படித்தான்" என்றான் டோனல்.

ஓரிடத்தில் கழிகள் நட்டு வலை கட்டியிருந்தார்கள். எத்திராஜ் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பெருமையாகக் கை காட்டினார். "இன்னிக்கி இது என் பாடு. நேத்து என் மச்சான் பாடு. நாளைக்கி வேற ஒருத்தன் பாடு."

நான் உடனே ஆங்கிலத்தில் சொன்னேன்: "இன்றைக்கு இது இவருடைய துன்பம். நேற்று இவர் மைத்துனருடைய துன்பம். நாளைக்கு வேறு ஒருவர் துன்பப்படுவார்."

டோனல் தொப்பியைக் கழற்றிக்கொண்டான். நூரு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏண்டி, எம்.ஏ. தமிழ் மார்க்கெல்லாம் எவன் போட்டது உனக்கு? பாடுன்னா மொறைடி. டர்ன்!"

பிறகுதான் எனக்கே விளங்கியது. ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் அங்கேயே வலை போட்டால் அடிதடி. அதனால் குப்பத்தில் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று விழுகிறதோ, அது அவர் பாடு.

"சரி, அன்னிக்கின்னு ஒருத்தருக்கு ஜுரம். வரல. அப்ப?" என்று கேட்டேன்.

"அந்த எடம் சும்மா கெடக்கும்" என்றார் எத்திராஜ்.

"பக்கத்துல இருக்கறவங்க போட்டுக்கலாமே?"

"அதெப்படிக்கா? அது அவன் பாடு. வேற எவனும் தொடமாட்டான்."

இதைச் சரியாகவே மொழிபெயர்த்தேன். டோனல் வெகுநேரம் அந்தக் கழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வலை தூக்க அவனும் கை கொடுத்தான். மடவையும் இறாலும் வந்தன, நடுவே ஒரு கெளுத்தி. அதன் முள் குத்தினால் கை வீங்கிவிடும் என்று எத்திராஜ் அவன் கையைச் சட்டென்று பிடித்து இழுத்தார். பிடித்த கையை விடவில்லை. ஈரத்தில் கட்டு பாதி அவிழ்ந்திருந்தது. விரலை மடக்கினார், நீட்டினார், மூட்டை அழுத்தினார். டோனல் 'ஆ' என்று சொல்ல மறந்துவிட்டான்.

"கெளுத்தி குத்தின கை, வலையில அறுந்த கை, எவ்ளோ பாத்துக்கீறேன்" என்றார் எத்திராஜ். "இதுல ஒண்ணுமில்லயேக்கா. ஏன் கட்டு?"

மொழிபெயர்க்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். டோனலின் முகத்தைப் பார்த்தால் தேவையில்லை என்று தெரிந்தது.

குப்பத்துக் கரையில், எத்திராஜ் வீட்டு வாசலில் டீ குடிக்கும்போது அவனாகவே சொன்னான். போன வருடம் வெளிநாட்டில் ஒரு போட்டி. கடைசி ஓவர் அவனுக்கு. எதிரணிக்கு இருபத்திரண்டு ரன் வேண்டும். யாரும் அடிக்க முடியாத கணக்கு. அவன் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு, ஓடி வந்தால் கையிலிருந்து பந்தை விட முடியவில்லை. மூன்று முறை அணிக்குக் கூப்பிட்டார்கள். மூன்று முறையும் விரல் என்றான். "முதல் வாரம் நிஜமாகவே லேசாக வலித்தது" என்றான், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. நாளைக்கும் பயிற்சியாளரிடம் விரலைத்தான் சொல்லப் போகிறான் என்று புரிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. பதினோரு மாதம் என் செலவில் டேப் என்பதற்காக அல்ல. மாடியறையில் நாட்டு அணியின் தொப்பியை ஆணியில் மாட்டி, தினமும் துடைத்து வைப்பவன் இவன். அந்தத் தொப்பிக்காகத்தான் கோபம். திட்ட வாயெடுத்தேன். அதற்குள் எத்திராஜ் வேறு ஒரு விஷயத்தோடு வந்துவிட்டார்.

காணும் பொங்கலுக்கு இந்தக் குப்பத்துக்கும் பக்கத்துக் குப்பத்துக்கும் வருடா வருடம் கிரிக்கெட் மேட்ச். தோற்ற குப்பம் ஜெயித்த குப்பத்துக்கு நண்டு விருந்து வைக்க வேண்டும். இந்த வருடம் ஒரு ஆள் குறைகிறது. எத்திராஜின் தங்கை மகனுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட். "தோணல சும்மா வந்து நிக்கட்டும்க்கா. வெள்ளக்காரன் நிக்கறான்னாலே அவனுங்களுக்குப் பேஜாராயிடும்."

ஓரமாக நின்று பந்து பொறுக்குவதுதானே என்று டோனல் ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்றது தெரிந்தது. இவர்கள் கிரிக்கெட்டும் பாடு முறைதான். பதினோரு பேர், பதினோரு ஓவர், ஆளுக்கு ஒன்று. விக்கெட் கீப்பருக்கும் உண்டு. எந்த ஓவர் யாருக்கு என்று முதல் நாள் மாலை கோயில் முன்னால் சீட்டு. நன்றாகப் போடுகிறவன், போடத் தெரியாதவன் என்ற பேச்சே கிடையாது. ஏரிக்கு ஒரு நியாயம், பந்துக்கு ஒரு நியாயமா என்று கேட்கிறார்கள்.

சொம்புக்குள் கை விட்டு டோனல் எடுத்த சீட்டில் பதினொன்று என்று எழுதியிருந்தது. கடைசி ஓவர்.

அவன் முகம் வெளுத்தது. ஏற்கெனவே வெள்ளை முகம் இன்னும் எப்படி வெளுக்கும் என்று கேட்காதீர்கள், வெளுத்தது. பக்கத்தில் நின்ற கீப்பர் மூர்த்தியிடம் சீட்டை நீட்டி, 'நீ வைத்துக்கொள்' என்று சைகை காட்டினான். மூர்த்தி தீயைத் தொட்டவர்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கோயில் முன்னால் ஒரே சலசலப்பு. "இன்னாக்கா இது, பாட்டக் கை மாத்தறாரு?" என்று எத்திராஜ் நிஜமாகவே அதிர்ந்துபோய்க் கேட்டார். வெளியூர்க்காரன், தெரியாமல் செய்துவிட்டான் என்று நூரு எல்லாரையும் சமாதானப்படுத்தினாள்.

மறுநாள் மேட்ச். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல் திட்டு. ஏரி வண்டலைப் பூசிக் காயவைத்த பிட்ச். டென்னிஸ் பந்து. ஏரியில் நேராக விழுந்தால் அவுட், அடித்தவனே நீந்திப் போய் எடுத்து வர வேண்டும். டோனலுக்குத் தமிழ் தெரியாததால் நான் பந்து வீசுபவருக்குப் பக்கத்திலேயே, மிட் ஆஃபில் நிறுத்தப்பட்டேன். உலகத்தில் எந்த மைதானத்திலும் மொழிபெயர்ப்பாளருக்கு இந்த இடம் கொடுத்திருக்க மாட்டார்கள். நான்காவது ஓவரில் ஒரு பந்து என் கணுக்காலில் பட்டு நின்றது. அது நாலு போக வேண்டிய பந்து என்று எதிர் குப்பம் சண்டைக்கு வந்தது. அக்காவும் எங்கள் ஆள்தான் என்று எத்திராஜ் வாதாடினார். அக்காவுக்கு வலிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் குப்பம் முதலில் ஆடி முடித்திருந்தது. எதிர் குப்பம் பின்னால் துரத்தியது. பத்து ஓவர் முடிந்தபோது அவர்களுக்கு இன்னும் ஒன்பது ரன் வேண்டும். ஆறு பந்து பாக்கி. மட்டையோடு நின்றவர் மீனுக்கு ஐஸ் உடைப்பவர். தோள் இரண்டும் மூட்டை மாதிரி இருந்தன.

அப்போதுதான் மூர்த்தி எத்திராஜின் காதைக் கடித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ண்ணா, தோணலக்கி வவுத்து வலின்னு சொல்லிடு. போட முடிலன்னு குந்திக்கட்டும். பாடு சும்மா கெடந்தா அவ்ளோதான், ஆட்டம் முடிஞ்சிது. எட்டு ரன்னு வித்தியாசத்துல நாம ஜெயிச்சிட்டோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். இந்தச் சட்டத்தில் ஒரு படகே நுழையும் அளவுக்கு ஓட்டை. "இதுவரைக்கும் யாரும் இப்படிச் செஞ்சதில்லையா?" என்று கேட்டேன்.

"ஒருத்தன் வுட்டான். சம்சாரத்துக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்கி ஓடினான்" என்றார் எத்திராஜ். "வேணும்னு எவன்க்கா வுடுவான்?" மூர்த்தியை ஒரு முறை முறைத்தார். ஆனால் நண்டு விருந்து அவர் கண்ணிலும் தெரிந்தது. நான் பொய் சொல்லக் கூடாது. பெருமூச்சு விட்டார். "அவராண்ட ரெண்டையும் சொல்லிடுங்க. போடறதும் வுடறதும் அவரு இஷ்டம். அது அவரு பாடு."

சொன்னேன். நீ பந்து போடவில்லை என்றால் நாம் ஜெயித்தோம். போட்டால் எது வேண்டுமானாலும் ஆகலாம். டோனல் என்னை உற்றுப் பார்த்தான். திரும்பவும் சொல்லச் சொன்னான். திரும்பவும் சொன்னேன். பதினோரு மாதமாக அவன் தேடித் தேடிக் கண்டுபிடித்த சாக்குகளை எல்லாம் விட அருமையான சாக்கு. இந்த முறை பின்வாங்கினால் கைதட்டலே கிடைக்கும். தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். உட்கார்ந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். என் மனசுக்குள் அவனுக்காக ஒரு வக்கீல்கூடப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அவன் விரலில் மிச்சமிருந்த டேப்பைப் பல்லால் கடித்துப் பிரித்து என் கையில் கொடுத்தான். பந்தை வாங்கிக்கொண்டான்.

முதல் பந்துக்கு ஓடி வந்தான், கையைச் சுற்றினான், பந்து கையிலேயே இருந்தது. நின்றுவிட்டான். எதிர் குப்பத்துப் பெண்கள் சிரித்தார்கள். திரும்பிப் போய் மறுபடி ஓடி வந்தான். இந்த முறை விட்டான், இடுப்பு உயரத்துக்கு. ஐஸ்காரர் நாலு அடித்தார். இன்னும் ஐந்து. மூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டாவது பந்து விழுந்து திரும்பி மட்டையைத் தாண்டிப் போனது. மூன்றாவதும் அப்படியே. டோனல் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டான், வேறு யாருடைய கையோ என்பதுபோல. நான்காவது பந்தை ஐஸ்காரர் வானத்துக்குத் தூக்கினார். பந்து வருவதற்குள் இரண்டு ஆட்டக்காரர்களும் பாதி வழியில் ஒருவரையொருவர் தாண்டிவிட்டார்கள். எத்திராஜ் பின்னோக்கியே ஓடி, மணலில் உருண்டு பிடித்தார். குப்பம் முழுக்கக் கூச்சல். நான் மொழிபெயர்ப்பாளர் என்பதை மறந்து விசிலடித்தேன். ஐந்தாவது பந்தில் எதிர்முனையில் இருந்த வயதானவர் ஒரு ரன் ஓடினார். கடைசிப் பந்து, நான்கு ரன் வேண்டும். புதிதாக உள்ளே வந்தவர் சவரம் செய்த முகத்தோடு, புதுச் சட்டையோடு இருந்த மாப்பிள்ளை. பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்கு வந்தவராம்.

டோனல் போட்ட பந்து நல்ல பந்து. இன்றும் சத்தியம் செய்வேன். புது மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு வீசினார். விளிம்பில் பட்ட பந்து மூர்த்தியின் காலிடுக்கு வழியாகப் போய், கவிழ்த்து வைத்திருந்த படகில் மோதியது. அது நாலு.

தோற்றோம். எதிர் குப்பம் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆடியது. எங்கள் ஆட்கள் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். டோனல் பிட்ச்சின் நடுவில் நின்றான். அவன் அழுகிறான் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தான். "ஆறும் கையை விட்டுப் போயின, பார்த்தீர்களா?" என்றான். அழுதது நான்தான்.

குப்பத்துக்கு எட்டுவது ஆந்திராவின் செல்போன் கோபுரம்தான். டவர் கிடைக்கும் ஒரே இடம் அந்தக் கவிழ்ந்த படகின் மேல். டோனல் ஏறி நின்று பயிற்சியாளரைக் கூப்பிட்டான். முதல் இரண்டு முறை ஒரு பெண்மணி தெலுங்கில் ஏதோ சொல்லி வைத்துவிட்டார். மூன்றாவது முறை கிடைத்தது. கீழே நாங்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் ஆங்கிலத்தில் பேசியதை எத்திராஜுக்கு வரி வரியாகச் சொன்னேன்.

"விரல் நன்றாக இருக்கிறது. விரலுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ... ஆமாம், பதினோரு மாதமாக. ... பயமாக இருந்தது."

வெகுநேரம் அந்தப் பக்கம்தான் பேசியது. டோனல் தலையாட்டிக்கொண்டே இருந்தான். இறங்கி வந்தபோது முகம் கொஞ்சம் தொங்கியிருந்தது, ஆனால் நிமிர்ந்துதான் நடந்தான்.

"இன்னாவாம்?" என்றார் எத்திராஜ்.

சுற்றுப்பயணத்துக்கு வேறு ஒரு இடது கைக்காரனைப் போன வாரமே சேர்த்துவிட்டார்களாம். ஒப்பந்தம் இப்போதைக்கு இல்லை. அடுத்த மாதம் இரண்டாம் நிலை அணிக்கு ஒரு ஆட்டம் இருக்கிறது, வந்து போட்டுக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார் பயிற்சியாளர். பொய் சொன்னதற்குக் கிடைத்த திட்டை டோனல் எனக்கே முழுதாகச் சொல்லவில்லை.

எத்திராஜுக்கு ஒன்றுதான் புரியவில்லை. "இவரு உயிரோட கீறாரு. இவரு பாட்ட இன்னொருத்தனுக்கு எப்டிக்கா குடுத்தாங்க?"

அங்கே சீட்டு கிடையாது, நன்றாகப் போடுகிறவனுக்குத்தான் இடம் என்று விளக்கினேன். "அப்ப போடாதவன் இன்னா பண்ணுவான்?" என்று கேட்டார். அதை அப்படியே டோனலிடம் கேட்டேன். "மாடு மேய்ப்பான்" என்றான். குப்பம் சிரித்தது. மூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. அவர் நண்டு வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது டோனல் தயங்கித் தயங்கி என்னிடம் ஒன்று கேட்கச் சொன்னான். அடுத்த வருடச் சீட்டில் அவன் பெயரையும் போட முடியுமா?

எத்திராஜ் படகை அவிழ்த்தபடி யோசித்தார்.

"பேரு போட்டுக்கலாம். அதுல ஒண்ணுமில்ல" என்றார். "ஆனா வர வேணாம்னு சொல்லுங்கக்கா. இவரு வரலன்னா ஓவர் சும்மா கெடக்கும். நாங்க ஜெயிச்சிடுவோம்."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். டோனல் எத்திராஜைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"வருவேன் என்று சொல்லுங்கள்" என்றான்.